வெவ்வேறு சபைப் பெண்கள் சேர்ந்து சமாதானத்துக்கும் நீதிக்கும் உழைக்க ஒரு குழு: டர்பன் புறநகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸ், சாட்ஸ்வர்த் போன்ற பகுதிகளில் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே பெண்களை ஒரே குழுவாகச் சேர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படித் தொடங்கிய மூன்று குழுக்களை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டு, மார்ச் மாதம் ஒரு பெரிய கூட்டு ஆராதனையோடு ஆரம்பித்து, உயிர்ப்புப் பெருவிழா வருவதற்குள் கலைந்துபோயின. ஆர்வத்துக்கு அங்கே குறைவில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததுதான் பிழை. ஆகவே இங்கே ஒவ்வொரு படியும் எந்த வரிசையில் வருகிறது என்பதையும், அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் வேண்டியவை

குறைந்தது 8 மாத அவகாசம் வேண்டும். ஜூலையில் தொடங்கினால் அடுத்த மார்ச்சுக்குள் குழு காலூன்றிவிடும். எந்த ஒரு சபைக்கும் சொந்தமில்லாத ஓர் இடம், ஒரு தடித்த நோட்டுப் புத்தகம், ஜூலு மொழி சரளமாகப் பேசும் ஒருவர் ஆகியவையும் வேண்டும். பெயர், சின்னம், சீருடைச் சேலை இவையெல்லாம் இப்போது வேண்டாம். சேலையின் நிறத்தைப் பற்றிய விவாதத்திலேயே இரண்டு மாதங்களைச் செலவழித்த குழுவை எனக்குத் தெரியும்.

1. முதலில் மூன்று பெண்களைக் கண்டுபிடியுங்கள்

மூன்று வெவ்வேறு சபைகளிலிருந்து மூன்று பேர் போதும். ஒருவர் கூடினாலும் பேச்சு கூட்டமாகிவிடும்; ஒருவர் குறைந்தாலும் இரண்டு தோழிகளின் திட்டமாகச் சுருங்கிவிடும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, போதகர்களின் மனைவிமாரைப் பொறுப்பாளர்களாக வைத்துத் தொடங்குவது. அது மரியாதையாகத் தோன்றினாலும், மெதடிஸ்ட் போன்ற சபைகளில் போதகருக்கு மாற்றல் வரும்போது மனைவியும் போய்விடுவார். அவரோடு உங்கள் குழுவின் பாதியும் போய்விடும். ஆராதனை முடிந்தபின் கோப்பைகளைக் கழுவிவிட்டுக் கடைசியாகக் கதவைப் பூட்டுகிற பெண் யார் என்று பாருங்கள். அவருக்கு அந்தச் சபையில் எல்லாரையும் தெரியும். எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பதும் தெரியும்.

அழைப்பில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். "சபை" என்று மட்டும் எழுதினால் கத்தோலிக்கப் பெண்கள் அது தங்களுக்கானது அல்ல என்று நினைப்பார்கள். அவர்களுக்கு அது "பங்கு". "சபைகளிலும் பங்குகளிலும் உள்ள சகோதரிகளே" என்று எழுதுங்கள்.

2. போதகர்கள், குருக்கள் ஆகிய ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

சுவரொட்டி ஒட்டுவதற்கும் வாட்ஸ்ஆப் செய்தி அனுப்புவதற்கும் முன்பே இந்தப் படி முடிந்திருக்க வேண்டும். ஒருமுறை நாங்கள் இதைத் தாமதப்படுத்தியதால், ஒரு பாஸ்டர் எங்கள் கூட்டத்தைப் பற்றித் தம் சபையார் மூலமாகக் கேள்விப்பட்டார். அவர் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு, அதே நேரத்தில் தம் சபையில் ஓர் உபவாசக் கூட்டத்தை அறிவித்தார். வருவதாகச் சொல்லியிருந்த 12 பெண்களில் ஒருவரும் வரவில்லை. பிழை எங்களுடையது.

ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் மூன்று உறுதிகள் இருக்கட்டும்: இந்தக் குழுவில் திருவிருந்து நடக்காது, யாரையும் ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு அழைக்க மாட்டோம், தசமபாகமோ காணிக்கையோ பெரிய அளவில் திரட்ட மாட்டோம். ஊழியர்களின் அச்சம் எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். "அனுமதி தாருங்கள்" என்று எழுதாமல் "தெரியப்படுத்துகிறோம், ஜெபத்தில் தாங்குங்கள்" என்று எழுதுங்கள். அனுமதி கேட்டால், மறுக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

சிறிய பெந்தெகொஸ்தே சபைகளின் பாஸ்டர்களை முதலில் பாருங்கள். ஆடு திருட்டு, அதாவது தங்கள் விசுவாசிகளை வேறு சபை இழுத்துக்கொள்ளும் என்ற கவலை அங்கேதான் அதிகம். 40 பேர் உள்ள சபையில் நான்கு பேர் போனால் வாடகை கட்ட முடியாது என்பது அவர்களுடைய நிஜமான சிக்கல். பங்குத்தந்தையையும் ஆங்கிலிக்கன் குருவானவரையும் பிறகு பார்க்கலாம்.

3. நாளையும் இடத்தையும் தீர்மானியுங்கள்

வியாழக்கிழமை மெதடிஸ்ட் பெண்களின் மன்யானோ நாள், அதாவது சீருடை அணிந்து கூடும் அவர்களுடைய பெண்கள் ஜெபச் சங்கத்தின் நாள். அவர்களை அன்று அசைக்க முடியாது. தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்கர்களுக்குச் சிலுவைப்பாதை. சனிக்கிழமை அட்வென்டிஸ்ட் சகோதரிகளுக்கு ஓய்வுநாள். வார நாள் காலையை வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. மாலையை வைத்தால் இருட்டியபின் தனியாக டாக்ஸியில் திரும்ப வேண்டியிருக்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தபின் எங்களுக்கு மிஞ்சியது மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை. குளிர்காலத்திலும் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வீடு சேர்ந்துவிடலாம்.

ஆடி மாதத்தில் மாரியம்மன் கூழ் ஊற்றும் ஞாயிறுகளைத் தவிருங்கள். எங்கள் பெண்களில் பலருக்குத் தாய் வீடோ மாமியார் வீடோ இந்துக் குடும்பம்தான். அன்று அங்கே போகாவிட்டால் பேச்சு வரும். குழு எந்தக் குடும்பத்தையும் பிரிப்பதற்காக உண்டானது அல்ல.

இடம், பள்ளி வகுப்பறையோ நூலகக் கூடமோ ஆக இருக்கட்டும். ஒரு சபையின் ஆலயத்தில் கூடினால் அந்தச் சபைப் பெண்கள் விருந்தளிப்பவர்களாகவும் மற்றவர்கள் விருந்தாளிகளாகவும் ஆகிவிடுகிறார்கள். பிறகு அந்த வேற்றுமை மறைவதே இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மின்வெட்டு வந்தாலும் நடக்கக் கூடியதாகக் கூட்டத்தை அமையுங்கள். திரையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் 20 பேர் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம்.

4. சேர்ந்து ஜெபிக்கும் முறையை முன்பே ஒத்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் இங்கேதான் எதிர்பாராமல் இடறுகிறார்கள். எங்கள் முதல் கூட்டத்தில், எல்லாருக்கும் தெரிந்தது என்ற நம்பிக்கையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினோம். பாதிப் பேர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றார்கள். மற்றவர்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றார்கள். "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்பதும் "உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக" என்பதும் ஒன்றோடொன்று மோதின. தீமையிலிருந்து விடுவிக்கும் வரியோடு கத்தோலிக்கப் பெண்கள் நிறுத்திக்கொள்ள, "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று ஒரு வயதான பாப்டிஸ்ட் ஆன்ட்டி மட்டும் தனியாக, குரல் தேய்ந்து தேய்ந்து, முடிக்க வேண்டியதாயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர் அடுத்த மாதம் வரவில்லை.

இப்போது நாங்கள் பின்பற்றும் முறை எளிது. நடத்துபவர், "அவரவர் பழகிய சொற்களில், அவரவர் தாய்மொழியில் சொல்வோம், கடைசிக் குரல் நிற்கும்வரை அமைதியாக இருப்போம்" என்று முன்னரே அறிவிப்பார். தமிழும் ஜூலுவும் ஆங்கிலமும் ஒன்றாக எழும்பும். சத்தம் கலந்தாலும், நேர்ந்துவிட்டது என்று தோன்றாது, நினைத்துச் செய்தது என்று தோன்றும். அந்த ஒரு வாக்கியம்தான் வேறுபாடு.

வேதபாடத்தில், புராட்டஸ்டண்டுகள் பழைய திருப்புதல் எனப்படும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் கத்தோலிக்கர்கள் 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் கொண்டுவருவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே பகுதியை இரண்டிலும் வாசியுங்கள். பிறகு ஜூலுவிலும் வாசியுங்கள். பிரசங்கம் வேண்டாம். மூன்று வாசிப்புக்கும் பின் இரண்டு நிமிட மௌனம் போதும்.

சத்தமாக ஒரே நேரத்தில் ஜெபிப்பது பெந்தெகொஸ்தே பெண்களுக்கு மூச்சு விடுவது போல. எழுதப்பட்ட மன்றாட்டும் மறுமொழியும் ஆங்கிலிக்கன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் அப்படியே. ஒரு மாதம் ஒன்று, மறுமாதம் மற்றொன்று என்று மாற்றி வையுங்கள். இரண்டையும் ஒரே கூட்டத்தில் திணித்தால் இருபுறமும் அரைகுறையாகத்தான் உணர்வார்கள்.

பாடல் தாளில் தமிழை ஆங்கில எழுத்துகளிலும் அச்சிடுங்கள். இங்கே ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அரிது. ஆனால் பாட்டி பாடிய கீர்த்தனைகள் காதில் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் மட்டும் தாள் கொடுத்தால், தெரிந்த பாட்டையே தெரியாததுபோல் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பார்கள்.

5. எதையும் அறிவிப்பதற்கு முன் கேளுங்கள்

சமாதானம் என்று பேசத் தொடங்கினால், எங்கள் பகுதியில் அது 2021 ஜூலைக் கலவரத்தில் போய்த்தான் நிற்கும். அந்தக் கலவர நாட்களில் பீனிக்ஸிலும் சுற்றுப்புறங்களிலும் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அன்று சாலைத் தடுப்புகள் போட்டு நின்ற இந்திய வம்சாவளியினரின் தாய்மாரும், அந்தத் தடுப்புகளைத் தாண்டி வேலைக்குப் போக வேண்டியிருந்தவர்களின் தாய்மாரும் இன்று ஒரே கடையில்தான் ரொட்டி வாங்குகிறார்கள். இதைத் தொடாத சமாதானக் குழு தேநீர்க் குழுவாகவே இருக்கும். ஆனால் இதை முதல் மாதத்திலேயே தொட்டால் குழு உடையும். நான்காம் மாதத்தை நெருங்கும்போது, பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் பம்பாய், அமாவோட்டி பகுதிப் பெண்களோடு பழக்கம் உண்டான பிறகு, தொடுங்கள். (இந்தப் பம்பாய் பீனிக்ஸை ஒட்டிய இனாண்டாவில் இருப்பது, ஊர்ப்பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.)

முதல் சந்திப்புக்கு நீங்கள் அவர்களிடம் போங்கள். அவர்களை உங்களிடம் வரவழைக்காதீர்கள். மளிகைப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். நாங்கள் போனபோது ஒருவர் காரின் பின்பகுதி நிறைய அரிசியும் எண்ணெயும் கொண்டுவந்திருந்தார், நல்ல மனம்தான். ஆனால் அதை இறக்கிய நிமிடமே எதிரில் இருந்தவர்கள் சகோதரிகள் என்ற நிலையிலிருந்து பெறுபவர்கள் என்ற நிலைக்கு மாறிவிட்டார்கள். கேள்வி கேட்க வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்கள். அடுத்த முறை வெறுங்கையோடு போய், அவர்கள் எனாமல் கோப்பையில் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கேட்கும் கூட்டத்துக்கு மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். ஒருவர் பேசும்போது யாரும் பதில் சொல்லக் கூடாது. "எங்களுக்கும் அப்படித்தான்" என்று ஒப்பிடக் கூடாது. பயம் இரு பக்கமும் இருந்தது உண்மைதான், ஆனால் ஒருவர் தன் மகனைப் பற்றிப் பேசும் நேரம் அதைச் சொல்வதற்கான நேரம் அல்ல. மன்னிப்பை யாரிடமும் கேட்டு வாங்கக் கூடாது. மூன்றாவதுதான் கிறிஸ்தவப் பெண்களுக்கு மிகக் கடினம்; மன்னிப்பு என்ற சொல் நம் நாவில் எப்போதும் தயாராக இருக்கிறது. அது அவர்கள் கொடுக்க வேண்டிய பொருள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அல்ல.

மொழிபெயர்ப்பாளர் குழுவுக்குள்ளிருந்தே வரட்டும். பேசுபவர் அழுதால் மொழிபெயர்ப்பவர் நிறுத்திக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

6. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

கேட்டதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் 30 பிரச்சினைகள் சேரும். ஒன்றை மட்டும் எடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஆட்களும் நேரமும் இருக்கிற வேலையாக அது இருக்கட்டும். எங்களுக்கு அது, வீட்டில் அடிபடும் பெண்களோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத் துணை போவது. அதன் விவரத்தைச் சொன்னால் மற்ற வேலைகளையும் எந்த அளவு நுணுக்கமாகத் திட்டமிட வேண்டும் என்பது விளங்கும்.

1998ஆம் ஆண்டின் 116ஆம் எண் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீதிமன்ற எழுத்தர் படிவத்துக்கு உதவ வேண்டும். அந்தப் பெண் வசிக்கும் இடம், வேலை செய்யும் இடம், அடித்தவர் வசிக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் இவற்றில் எதற்கு உரிய நீதிமன்றத்திலும் கேட்கலாம். முதல் நாளே சம்பவங்களைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் கேட்கும்போது, "எப்போதும் அடிப்பார்" என்றுதான் வாயில் வரும். நீதிபதிக்குத் தேவை தேதியும், என்ன நடந்தது என்பதும், பார்த்தவர் யார் என்பதும்.

பெரும்பாலான துணையாளர்கள் தவறுவது இதற்குப் பிறகுதான். இடைக்கால ஆணைத் தாள் கையில் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஆணை எதிர்த் தரப்பினருக்குத் தெரியவரும்வரை அவரைக் கட்டுப்படுத்தாது; வழக்கமாக ஷெரிஃப் அல்லது போலீஸ் மூலம் அதைச் சேர்ப்பிப்பார்கள். ஆகவே, சேர்ப்பித்தாயிற்றா என்று தினமும் விசாரிக்க ஒருவரை நியமியுங்கள். அதுவரை அந்தப் பெண் எங்கே தூங்குவார் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். மறு விசாரணைத் தேதியை எங்கள் நோட்டில் சிவப்பு மையால் எழுதுகிறோம். அன்று அவர் போகாவிட்டால் எல்லாம் வீணாகலாம்; அன்று காலைதான் கணவர் வீட்டார் பூவும் கேக்கும் கொண்டு வந்து நிற்பார்கள்.

பாலியல் வன்முறை என்றால் வரிசை வேறு. முதலில் மருத்துவமனை. ஆர்.கே. கான் மருத்துவமனையிலும் பீனிக்ஸின் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையிலும் துதுசெலா மையங்கள், அதாவது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையங்கள் உண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், குளிக்க வைப்பதும், பாஸ்டரைக் கூப்பிடுவதும், குடும்பத்தைக் கூட்டுவதும் எல்லாம் பிறகு. பெண்கள்மீதான வன்முறைக்கான 0800 428 428 என்ற இலவச எண்ணை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

இரண்டு தடைகளை எழுதி, எல்லாரிடமும் கையொப்பம் வாங்குங்கள். ஒன்று, நாம் சமரசம் பேச மாட்டோம். "அவரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசலாமே" என்று நல்லெண்ணத்தில் சொல்லும் ஆன்ட்டி ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்றிரவு பதில் சொல்பவர் அடிபட்ட பெண். இரண்டு, முழு இரகசியத்தை யாருக்கும் வாக்களிக்க மாட்டோம். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் போலீசிடம் சொல்வது சட்டப்படி ஒவ்வொருவரின் கடமை. "ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றாலோ, சட்டம் சொல்லச் சொன்னாலோ மட்டும் நான் சொல்லியாக வேண்டும், மற்றதெல்லாம் என்னோடு இருக்கும்" என்று, அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பெயரோடு வாட்ஸ்ஆப்பில் போடுவதும் இரகசியத்தை உடைப்பதுதான்.

7. பொதுவெளிக்கு வரும்போது

வியாழக்கிழமை கறுப்பு உடை அணிவது, உலகத் திருச்சபைகள் மன்றம் முன்னெடுக்கும் வழக்கம். வன்முறைக்கு எதிரான இந்த அடையாளத்துக்கு எந்த முன்னேற்பாடும் வேண்டாம். மன்யானோ சீருடை அணியும் பெண்களிடம் அதைக் களையச் சொல்லாதீர்கள். ஒரு சிறிய வில்லை குத்திக்கொண்டால் போதும்.

தெருவில் நடப்பதென்றால் 1993ஆம் ஆண்டின் 205ஆம் எண் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வருகிறது. 15 பேருக்கு மேற்பட்டால், 7 நாள் முன்னதாக நகராட்சிக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதில் அழைப்பாளர் பெயர், பாதை, நேரம், ஒழுங்கு காப்பவர்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். அழைப்பாளராகப் பெயர் கொடுப்பவர் பொறுமையாக எழுதிப் பதிலளிக்கக் கூடியவராக இருக்கட்டும். நன்றாகப் பேசுபவர் வேறு, நன்றாகப் படிவம் நிரப்புபவர் வேறு. முதல் வருடம் சொந்தமாக ஊர்வலம் நடத்த வேண்டிய அவசியமே இல்லை. டர்பனில் டயக்கோனியா திருச்சபைகள் மன்றம் நடத்தும் பெரிய வெள்ளி விடியற்காலை ஊர்வலத்தில் குழுவாகச் சேர்ந்து நடந்து பாருங்கள்.

8. பணம்

இதில் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, தேநீர் ஆகிய மூன்றுக்கும்தான் பணம். இரண்டு வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த இருவரின் கையொப்பம் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. கணக்கை ஒவ்வொரு மாதமும் வட்டத்தில் சத்தமாக வாசியுங்கள்.

காணிக்கைக்கு, இந்தியப் பெண்மணி சாந்தி சாலமன் 1956இல் தொடங்கிய சிறு நாணய ஐக்கியத்தின் முறையே பொருத்தம்: ஒவ்வொரு முறை ஜெபிக்கும்போதும் உங்கள் நாட்டின் மிகச் சிறிய நாணயம் ஒன்று. இங்கே அது 10 சென்ட். எல்லாரும் அதையே போடுவதால், மெர்சிடிஸில் வருபவரும் நடந்து வருபவரும் உண்டியலுக்கு முன் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். நோட்டைப் போட வருபவரைத் தடுத்து, சில்லறை மாற்றிக் கொடுங்கள்.

9. இப்போதுதான் மார்ச் முதல் வெள்ளி

மார்ச் முதல் வெள்ளியன்று பல சபைப் பெண்கள் சேர்ந்து கொண்டாடும் உலக ஜெப நாளின் ஆராதனை ஒழுங்கை ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டின் பெண்கள் எழுதுகிறார்கள்; 2006இல் அதை எழுதியவர்கள் தென்னாப்பிரிக்கப் பெண்கள். நவம்பரிலேயே அந்த வருடத்துக்குரிய பிரதியைத் தேடி வாங்கிவிடுங்கள். மொழிபெயர்ப்புக்கும் ஒத்திகைக்கும் மூன்று மாதம் பிடிக்கும்.

எழுதிய பெண்களின் சாட்சிகளைச் சுருக்காதீர்கள். அதற்குப் பதிலாக உள்ளூர்ப் பிரசங்கியாரை நுழைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு வருடமும், "ஐந்து நிமிடம் மட்டும்" என்று ஓர் ஊழியர் கேட்பார். ஆசீர்வாதம் கூறும் பகுதியை முன்கூட்டியே அவருக்கு ஒதுக்கி, அச்சடித்த தாளில் பெயரையும் போட்டுவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

வாசிப்புகளைச் சபைவாரியாகப் பிரிக்காமல், நீதிமன்றத்துக்குத் துணை போனவர்கள், இனாண்டாவுக்கு வந்து உட்கார்ந்தவர்கள், நோட்டை எழுதியவர்கள் ஆகியோருக்குக் கொடுங்கள். அவர்கள் கூச்சப்படுவார்கள், இரண்டு ஒத்திகை வைத்தால் சரியாகிவிடும். கடைசிப் பாடலுக்குப் பின், சமோசாத் தட்டு திறக்கப்படுவதற்கு முன், அந்த மாதத்தின் மூன்றாம் ஞாயிறு எந்தத் தேதி, யார் சாவி வாங்குவது என்பதைச் சொல்லி, வருகிறவர்களின் பெயரை வாசலிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தட்டு திறந்த பிறகு ஒருவரையும் பிடிக்க முடியாது.